மிச்சம் அண்ணனும் பேச்சி மதினியின் டில்லரும்

வட்டவடையில் ஓடுகிற எந்த மிஷினை வேண்டுமானாலும் பிரித்துப் பாருங்கள், ஒரு போல்ட் குறையும். அந்த போல்ட் எங்கே போயிற்று என்று ஊரில் யாரும் தேட மாட்டார்கள். மிச்சம் அண்ணன் வீட்டு அலமாரியில், ஊறுகாய் பாட்டிலில், சீட்டு ஒட்டிப் பத்திரமாக இருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறதாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எதைப் பூட்டினாலும், வேலை முடிந்ததும் அவர் உள்ளங்கையில் ஏதாவது ஒன்று மீந்திருக்கும். ஒரு நட்டு, ஒரு வாஷர், எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு சுருள் கம்பி. அதனால் மிச்சம். சின்னவர்களுக்கு மிச்சம் அண்ணன். பஞ்சாயத்து மெம்பர் அவரைவிட ஏழு வயது மூத்தவர், அவருக்கும் மிச்சம் அண்ணன்தான்.

அப்படிப்பட்டவரை ஏன் கூப்பிட வேண்டும் என்று கேட்பீர்கள். மூணாறிலிருந்து ஒரு மெக்கானிக் எங்கள் ஊருக்கு வரவேண்டுமென்றால் ஜீப் கிடைக்கவேண்டும், மூடுபனி விலகவேண்டும், அவருக்கு மனசும் இருக்கவேண்டும். மூன்றும் ஒரே நாளில் நடந்து நான் பார்த்ததில்லை. மிச்சம் அண்ணனோ கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து நிற்பார். அட்டைப்பெட்டி கிழிகிற சத்தம் இரண்டு மேடு தாண்டி அவர் காதில் விழும்.

இன்னொன்று, அவர் பூட்டிய மிஷின் எல்லாமே ஓடும். அதுதான் எங்களை ரொம்பக் குழப்பியது. டீக்கடை கிரைண்டரைப் பூட்டி ஒரு ஸ்பிரிங்கை மிச்சம் வைத்தார். அதற்குப் பிறகு மாவு முன்பைவிட நைசாக வந்தது. ஜீப் டிரைவர் கணேசனின் வண்டியைப் பிரித்துப் பூட்டி நாலு உருப்படி மிச்சம் வைத்தார். அன்றிலிருந்து அந்த ஜீப்பில் ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும். "மழை நேரத்துல ரெண்டு வேலை ஒரே சுவிட்சுல முடியுது, நல்லதுதானே" என்று கணேசனே சமாதானம் ஆகிவிட்டார். பஞ்சாயத்து லைப்ரரிக்கு யாரோ ஒரு புண்ணியவான் சீலிங் ஃபேன் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் மே மாதத்திலும் கம்பளி போர்த்துகிற ஊர். அதையும் மிச்சம் அண்ணன்தான் மாட்டினார், மூன்று போல்ட் மிச்சம். இன்றுவரை யாரும் சுவிட்சைப் போட்டதில்லை. ஆனால் ஒருவரும் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்ததும் இல்லை.

அவரிடம் ஒரு சித்தாந்தமே உண்டு.

"தம்பி, கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி. நாலு போல்ட் போதும்ங்கிற எடத்துல அஞ்சு வைப்பான். அந்த அஞ்சாவதை யாரு கண்டுபிடிக்கிறானோ அவன்தான் மெக்கானிக்கு."

"எது அஞ்சாவதுன்னு எப்படிண்ணே தெரியும்?"

"அதுவா வந்து கையில நிக்கும்டா."

மேனுவல் படிக்க மாட்டார். அதைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் படிப்பது தெர்மாகோல். பெட்டிக்குள் சாமான் அடிபடாமல் இருக்க வைக்கிறார்களே வெள்ளைத் தெர்மாகோல், அதை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்ப்பார். "மேனுவல் எழுதினவன் பொய் சொல்லலாம். தெர்மாகோல் சொல்லாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கான்" என்பார். பள்ளத்தைப் பார்த்தே இது கைப்பிடி, இது கிளட்ச் கம்பி என்று சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் பேச்சி மதினியின் டில்லர் போய்ச் சேர்ந்தது.

பேச்சி மதினி என் அண்ணன் சம்சாரம். அண்ணன் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. மலைச்சரிவில் படி படியாக ஏழு தட்டு நிலம், அவ்வளவையும் மதினி ஒற்றை ஆளாக மண்வெட்டியால் கொத்திப் பூண்டு போட்டு வந்தார். போன மழையில் மூன்றாம் தட்டிலிருந்து நாலாம் தட்டுக்கு வழுக்கி விழுந்ததில் இடது தோள் இறங்கிவிட்டது. எலும்பைச் சேர்த்துவைத்த டாக்டர், இனி மண்வெட்டியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூலிக்கு ஆள் கூப்பிட்டால், ஊரில் பாதிப் பேர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார்கள், மீதிப் பேர் அந்த டூரிஸ்டுக்குச் சோறு பொங்குகிறார்கள். நானோ மூணாறில் ஒரு டீ ஃபாக்டரி ஆபீசில் பேனா பிடிக்கிறவன். மண்வெட்டியை நான் பிடித்தால் மண்ணுக்கும் சேதமில்லை, களைக்கும் சேதமில்லை.

இதற்கிடையில் ஒரு டெண்டுக்காரர் வந்து போய்க்கொண்டிருந்தார். சமவெளிக்காரர், மலையாளி, எப்போதும் வெள்ளை ஷூ. ஏழு தட்டையும் பத்து வருஷத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தால் தட்டெல்லாம் சமப்படுத்தி, சிமெண்ட் போட்டு, டூரிஸ்டுகளுக்குக் கூடாரம் அடிப்பாராம். "சேச்சி ஒண்ணும் செய்யண்டா. சும்மா இருந்தா மதி" என்பார். அக்கா ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்கிறார். மதினிக்கு வாழ்க்கையில் தெரியாத ஒரே வேலை அதுதான்.

கடைசியில் கிருஷி ஆபீஸ் என்று கேரளத்தில் சொல்கிற விவசாய ஆபீசில் மனு கொடுத்து, மானியத்தில் ஒரு சின்ன பெட்ரோல் டில்லர் எழுதி வாங்கினார். அதற்கு டயர் கிடையாது. டயர் இருக்கவேண்டிய இடத்தில் சுழல்கிற கத்திகள். கையால் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் அதுவே மண்ணைக் கிளறிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முடிவு சொல்லுங்கள் என்று டெண்டுக்காரரும் சொல்லியிருந்தார். மதினி என்னிடம் போனில் ஒரே வரிதான் சொன்னார்.

"ஓடுனா பூண்டு, ஓடலைன்னா டெண்டு. அவ்வளவுதான் கொழுந்தனாரே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை கணேசனின் ஜீப்பில் டில்லரும் நானும் போய் இறங்கினோம். ரோட்டிலிருந்து மதினி வீட்டுக்குப் படி இறங்கவேண்டும். வழியில் தூறல் பிடித்து அட்டையின் அடிப்பாகம் ஊறிப்போயிருந்தது. நாலு பேர் தூக்கியதும் பொத்தென்று பிய்ந்தது. வேறு வழியில்லாமல் பெட்டியை அங்கேயே கிழித்து, ஆளுக்கொரு சாமானாகக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வட்டவடையில் புதுச் சாமான் எது வந்தாலும், சாமானை ஒருவரும் பார்க்க மாட்டார்கள், பெட்டியைத்தான் பார்ப்பார்கள். குளிர் ஊரில் தெர்மாகோல் என்றால் கம்பளி மாதிரி. ஜன்னல் இடுக்கில் சொருகலாம், படுக்கைக்கு அடியில் போடலாம், தண்ணீர்ப் பானையைச் சுற்றிக் கட்டலாம். தூக்கிவிட வந்தவர்களில் யார் எதில் முதலில் கை வைக்கிறார்களோ அது அவருக்கு. வீட்டுக்காரர்களும் இந்தப் போட்டியில் உண்டு. அப்புறம் யார் எதை எடுத்தார்கள் என்று கேட்கக்கூடாது. கேட்டால், "ஒரு அட்டைக்குக் கணக்குப் பாக்குற குடும்பம்" என்று பெயர் வந்துவிடும். பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

அட்டையை கணேசன் எடுத்துக்கொண்டார். மேல் தெர்மாகோலில் நான் கை வைத்தேன், என் மூணாறு வீட்டு ஜன்னலுக்கு. வேறு என்னவெல்லாம் யார் யாரிடம் போயிற்று என்று மரியாதைப்பட்ட மனிதனாக நான் பார்க்கவில்லை.

மிச்சம் அண்ணன் அன்று ஊரில் இல்லை, சாந்தன்பாறையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். ஞாயிறு விடிந்தும் விடியாமலும் குரங்குக் குல்லாவோடு வந்து நின்றார். தரையில் பரப்பியிருந்த சாமான்களைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"பெட்டியப் பிரிச்சது யாரு?"

"அதுவா பிஞ்சிருச்சுண்ணே" என்றேன்.

"பொண்ணு முகத்தை நான் பாக்குறதுக்கு முந்தியே தாலி கட்டிட்டீங்களேடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினி பால் விடாமல் ஒரு கட்டன் டீ போட்டுக் கொடுத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார்.

நான் மேனுவலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினாலு பாஷையில் இருந்தது, தமிழ் இல்லை. இங்கிலீஷில் நான் உரக்கப் படித்து மொழிபெயர்த்தேன். ஆபீஸ் நேரம் போக பத்திரிகையிலும் எழுதுகிறவன் என்கிற கர்வம் வேறு. மிச்சம் அண்ணன் என் தெர்மாகோலை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் காதிலேயே வாங்கவில்லை. கைப்பிடியைப் பூட்டினார். கத்திகளில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று உண்டு. மாற்றிப் போட்டால் மண்ணைக் கிளறாது, மேலே மேலே நடந்து போகும். அதை முகர்ந்து பார்க்காத குறையாகச் சோதித்துச் சரியாக மாட்டினார். பின்னால், கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று தடுத்து நிறுத்துகிற கம்பி, ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். பள்ளத்தில் இருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்து இன்ஜினில் ஊற்றி, குச்சி விட்டு அளவு பார்த்தார். பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ஊற்றினார்.

"எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. ஒன்பதாம் பக்கம், சரி!" என்றேன் நான், என்னவோ நானே கிணறு வெட்டி எடுத்த எண்ணெய் மாதிரி.

மதினி எலுமிச்சம்பழத்தோடு வந்தார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும். இதற்குச் சக்கரம் இல்லையே? அது பற்றிக் கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. கத்திக்குக் கீழேயே வைத்துவிடலாம், அதுவே நறுக்கிக்கொள்ளட்டும் என்று முடிவானது. சூடம் கொளுத்தியாயிற்று. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுக்கவேண்டியதுதான் பாக்கி.

மிச்சம் அண்ணன் வழக்கம்போல உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

கை வெறுமையாக இருந்தது.

சட்டைப் பையைப் பார்த்தார். வேட்டி மடிப்பை உதறினார். குல்லாவைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். உட்கார்ந்திருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பைய உதறு."

"அண்ணே, நான் எதையும் எடுக்கலண்ணே."

"வாயத் தொற."

திறந்தேன். என்ன செய்வது, அவர் கையில் ஸ்பேனர் இருந்தது.

"எல்லாம் சரியா உக்காந்துருச்சுன்னா சந்தோசம்தானண்ணே படணும்?" என்றார் மதினி.

"ஏத்தா பேச்சி, இத்தனை வருசத்துல எனக்கு ஒண்ணுகூட மிஞ்சாமப் போனதில்ல. ஒண்ணும் மிஞ்சலைன்னா, ஒண்ணு கொறையுதுன்னு அர்த்தம்."

"மிஞ்சலைன்னா எப்படிண்ணே கொறையும்?"

"மிஞ்சவேண்டியது கொறையுதுல்ல!"

மிச்சம் அண்ணன் மளமளவென்று டில்லரைப் பிரித்தார். மறுபடியும் பூட்டினார். மறுபடியும் கை வெறுமை. அந்த நேரம் பார்த்து வந்த கணேசன், மனுஷர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், தன் பையிலிருந்து ஒரு நட்டை எடுத்து சாக்குக்குப் பக்கத்தில் நைசாகப் போட்டுவிட்டு, "அண்ணே, இந்தா கெடக்கு பாருங்க!" என்றார்.

மிச்சம் அண்ணன் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "இது ஒன் ஜீப்போட எடது கதவு நட்டு. போய் மாட்டு, கதவு விழுந்துரும்" என்றார். கணேசன் ரோட்டுக்கு ஓடிப்போய் மாட்டிவிட்டு வந்தார்.

மூன்றாவது முறை பிரிக்க ஆரம்பித்தபோது மலையில் இடி உருண்டது. மேகம் தட்டுக்கு மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. மழை பிடித்தால் மண் சேறாகும், அப்புறம் பத்து நாளைக்கு எந்த டில்லரும் இறங்க முடியாது, விதைப்பூண்டு வீட்டிலேயே முளைத்துப் போகும். மதினி வானத்தைப் பார்த்தார், பிரித்துப் போட்ட கைப்பிடியைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில் வெள்ளை ஷூ படி இறங்கி வந்தது.

"சேச்சி, தீருமானம் ஆயோ?" என்றார் டெண்டுக்காரர். முடிவு ஆகிவிட்டதா என்று கேட்கிறார். கையில் ஃபைல், ஃபைலுக்குள் குத்தகைப் பத்திரம், சட்டைப்பையில் மூடி திறந்த பேனா.

மதினி பொங்கிவிட்டார்.

"அண்ணே, நல்லா இருக்கிற மிஷினை எளவு வீடு மாதிரி பரப்பி வச்சிருக்கீங்க. இப்ப ஓட்டுறீங்களா, இல்ல நான் கையெழுத்துப் போடவா? எனக்கு இந்தத் தோளை வச்சுக்கிட்டு ஒங்களோட மல்லுக்கட்ட முடியாது."

"வெரசா பூட்டிருதேன். ஆனா இழுக்க விடமாட்டேன்."

பூட்டி முடித்ததும் நான் துணிந்து கயிற்றில் கை வைத்தேன். மிச்சம் அண்ணன், இன்ஜின் பிடிக்காதபடி ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டு, டில்லர் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது மனுஷர். கீழே எலுமிச்சம்பழம், மேலே அவர்.

"நீ கையெழுத்துப் போட்டாலும் போடு பேச்சி. கெட்டுப்போகும்னு தெரிஞ்சே ஓட்டுறவன் நானில்ல."

"என்ன கெடும்? சொல்லுங்களேன்!"

"அது தெரிஞ்சா நான் ஏன் மேல ஏறி உக்காந்திருக்கேன்?"

மதினியின் கண் கலங்கிவிட்டது. அது கோபத்தால் அல்ல. ஏழு தட்டையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், பிறகு டெண்டுக்காரரிடம் பேனாவுக்காகக் கையை நீட்டினார். மிச்சம் அண்ணன் மடியிலிருந்த தெர்மாகோலையே வெறித்துக்கொண்டிருந்தார். சட்டென்று அதை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"இது மேல் தெர்மாகோலா, கீழ் தெர்மாகோலா?"

"மேலண்ணே."

"தலைக்குத் தலகாணி வச்சவன் முதுகுக்குப் பாய் போட்டிருக்க மாட்டானா? கீழ் தெர்மாகோல் எங்கடா?"

கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார். கணேசன் வானத்தைப் பார்த்தார். நான் மேனுவலைப் பார்த்தேன். மதினி நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"யாரு எடுத்தீங்கன்னு கேக்குறேன். என்னைக் கேவலமா நெனச்சாலும் சரி. எடுத்தவுங்க சொல்லிருங்க."

மதினி தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அடுப்படியில இருக்கு. கோழி முந்தாநாள்தான் பொரிச்சுச்சு. பதினோரு குஞ்சு, குளிர்ல நடுங்குச்சுண்ணே."

அடுத்த நிமிஷம் எல்லோரும் அடுப்படியில் இருந்தோம். அடுப்புக்குப் பக்கத்தில் கீழ்த் தெர்மாகோலைக் கவிழ்த்துப் போட்டு, மேலே பழைய சேலை விரித்து, தாய்க்கோழி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. மிச்சம் அண்ணன் கையை நீட்டியதும் கொத்தியது பாருங்கள் ஒரு கொத்து! "யாத்தே!" என்று குல்லா பறக்கப் பின்வாங்கினார். மதினி ஒரு கையால் கோழியை அமுக்கிக்கொண்டு, மறு கையால் குஞ்சுகளை அள்ளி, யார் கையில் கொடுப்பதென்று சுற்றிப் பார்த்தார். பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டெண்டுக்காரர்தான் நின்றார்.

"பிடிங்க, பிடிங்க, விழுந்துரும்!"

பாவம், மறுக்கத் தெரியாத மனிதர். ஃபைலை விரித்துத் தட்டு மாதிரி பிடித்தார். பதினோரு குஞ்சும் குத்தகைப் பத்திரத்தின் மேல் கீச்சு கீச்சென்று நின்றன. மதினி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஒரு குஞ்சு தன் கையெழுத்தைப் போட்டது. மற்றவை சாட்சிக் கையெழுத்துப் போட்டன.

மிச்சம் அண்ணன் தெர்மாகோலைப் புரட்டினார். நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் டேப் ஒட்டி மறைத்து, ஒரு கறுப்பு பாட்டில். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, பெண்ணுக்கு வரன் அமைந்த தகப்பன் முகம்தான் அது.

"கியர் ஆயில்" என்று லேபிளைப் படித்தேன்.

வெளியே ஓடிப்போய் கியர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை உள்ளே விட்டு எடுத்தார். உள்ளே போனபடியே காய்ந்து வந்தது.

"சொட்டு இல்ல. கம்பெனியிலேயே ஊத்தி அனுப்பியிருப்பான்னு நானும் நெனச்சுட்டேன். இப்படியே ஓட்டியிருந்தா, ரெண்டு தட்டு தாண்டுறதுக்குள்ள உள்ள பல்லெல்லாம் தேஞ்சு கட்டியாப் போயிருக்கும். அப்புறம் டெண்டுதான்."

நான் திருட்டுத்தனமாக மேனுவலைப் பிரித்தேன். ஒன்பதாம் பக்கத்திலிருந்து நேராகப் பதினொன்றுக்குப் போயிருக்கிறேன். பத்தாம் பக்கம் வெறும் படம்தானே என்று விட்டுவிட்டேன். படத்தில் ஒரு கியர் பெட்டி, அதன் மேல் சாய்ந்த ஒரு பாட்டில், பக்கத்தில் என் விரல் நீளத்துக்கு ஓர் ஆச்சரியக்குறி.

மதினி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊத்துங்கண்ணே" என்றார்.

தேன் மாதிரி கெட்டியாக இறங்கியது எண்ணெய். நிரம்பி வழிகிற அளவு பார்த்து மூடியை முடுக்கினார். பிளக்கின் தொப்பி மடியிலிருந்து வெளியே வந்தது. பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, கயிற்றைச் சுண்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் டில்லர் இருமி, தும்மி, டபடபவென்று பிடித்துக்கொண்டது. தாய்க்கோழி கூரைக்குப் பறந்தது. கொஞ்ச நேரம் மெதுவாகவே ஓடவிட்டார். "புது மாட்டுக்கிட்ட முதல் நாளே முழு உழவு கேக்கக்கூடாது" என்றார்.

பிறகு, "வா பேச்சி" என்று கைப்பிடியை மதினியிடம் விட்டார்.

மிஷின் ஓடும் சரி, இந்தத் தோளோடு மதினியால் பிடிக்க முடியுமா? நான் கைகொடுக்க முன்னால் போனேன். மிச்சம் அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

மதினி கைப்பிடியைப் பிடித்தார். கை தோளுக்கு மேலே போகவேண்டியிருக்கவில்லை. இடுப்பு உயரத்தில், முறத்தைப் பிடிக்கிற வாகில் கச்சிதமாக நின்றது. நான் குனிந்து பார்த்தேன். கைப்பிடி கம்பெனி வைத்த துளையில் இல்லை, இரண்டு துளை கீழே இருந்தது. மூன்றாவது தடவை பூட்டியபோது, மதினி எளவு வீடு என்று திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மதினியின் உயரத்துக்கு அதை இறக்கிப் பூட்டியிருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

கிளட்சை அமுக்கியதும் கத்தி சுழன்றது. முதலில் எலுமிச்சம்பழம் போயிற்று. பிறகு மண். கறுப்பு மண் இரண்டு பக்கமும் புரண்டு புரண்டு விழ, மதினி முதல் தட்டின் கடைசி வரை போய், சுவர் ஓரத்தில் திருப்பி, திரும்பியும் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கொழுந்தனாரே, இது என்னைய இழுக்கல, என் கூட நடக்குது!"

டெண்டுக்காரர் ஃபைலோடு, ஃபைலில் குஞ்சுகளோடு, வரப்பில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை ஷூ ஒன்று மண்ணுக்குள் போயிருந்தது. "சேச்சி, கெஸ்டுகள் வந்தா இது காணிக்கலாமோ?" என்றார். "காட்டலாம், காட்டலாம். முதல்ல குஞ்சுகளைக் கோழிகிட்ட விடுங்க" என்றார் மதினி. அவர் அந்தப் பத்திரத்தைப் பிறகு கேட்கவே இல்லை. கேட்டாலும் கொடுக்கிற நிலையில் பத்திரம் இல்லை.

மழைக்கு முன்னால் நாலு தட்டு முடிந்தது. மற்ற மூன்றை மழை விட்டதும் மதினி தனியாகவே முடித்துக்கொண்டார். கீழ்த் தெர்மாகோல் கோழிக்கே திரும்பப் போயிற்று, அதில் இனி யாரும் கை வைக்க முடியாது. ஆனால் மிச்சம் அண்ணன் அன்று வீட்டுக்குப் போனபோது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பாட்டிலும் உள்ளே போய்விட்டது. கையில் கடைசி வரை ஒன்றும் மிஞ்சவில்லை.

பூண்டு நன்றாக வந்தது. எடுத்ததும் மதினி ஒரு பெரிய கட்டு கட்டி என்னிடம் கொடுத்து, அவரிடம் சேர்க்கச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது சும்மா அவர் வீட்டில் எட்டிப் பார்த்தேன். அலமாரியில் ஊறுகாய் பாட்டில்கள் வரிசையாக நின்றன. "டீக்கடை கிரைண்டர் 1." "லைப்ரரி ஃபேன் 3." "கணேசன் ஜீப் 4." எல்லாம் காற்றுப் புகாமல் இறுக மூடியவை. கடைசியில் புதிதாக ஒரு பாட்டில். அதற்குள் போல்ட் இல்லை, ஒரே ஒரு பூண்டு இருந்தது. சீட்டில் கோணல் எழுத்தில், "பேச்சி டில்லர் 1" என்று எழுதியிருந்தது.

அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் மூடி இல்லை.

"என்னண்ணே, இதுக்கு மூடியைக் காணோம்? மிஞ்சிப் போச்சா?" என்று சீண்டினேன்.

மிச்சம் அண்ணன் குல்லாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். வெட்கம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"முளைக்கும்ல தம்பி. மூச்சு முட்டக்கூடாதுல்ல" என்றார்.